லட்லோ: காரை வீட்லயே விட்டுட்டு ரெண்டு ராத்திரி தங்க வேண்டிய ஊர்

போன மே மாச பேங்க் ஹாலிடே லீவுக்கு சனி, ஞாயிறு, திங்கள் மூணு நாளும் இங்கிலாந்துல லட்லோங்கற சின்ன ஊர்ல இருந்தோம். நான், வீட்டுக்காரர், 9 வயசுப் பொண்ணு, ஆறு மாச விசாவுல ஊர்ல இருந்து வந்திருக்கற அம்மா. இங்க இருக்கற நம்ம ஆளுங்க அப்பா அம்மா வந்தா லண்டன், ஸ்டோன்ஹெஞ்ச், லேக் டிஸ்ட்ரிக்ட்னு கூட்டிட்டுப் போவோம். நாங்களும் போனோம், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பார்க்கிங் தேடறதுலயும் க்யூவுல நிக்கறதுலயும் பாதி நாள் போயிடுது, பெரியவங்க மீதி நேரம் கார்ல தூங்கிடறாங்க. லட்லோவுல அம்மா ஒரு தடவ கூட "எப்பம்மா கிளம்பறோம்"னு கேக்கல. இந்த ஊரப் பத்தி தமிழ்ல யாரும் எழுதி என் கண்ணுல படல, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

ஷ்ராப்ஷயர்ல, வேல்ஸ் எல்லைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் இருக்கற ஊரு, மொத்தமே ஒரு 10,000 பேர்தான். நாங்க பர்மிங்ஹாம் பக்கம், நியூ ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல ஏறி ஷ்ரூஸ்பரி ஒரு மணி நேரம், அங்க மாறி அரை மணி நேரம். அந்த ரெண்டாவது ரயில் இருக்கே, சர்ச் ஸ்ட்ரெட்டன் தாண்டறப்ப ரெண்டு பக்கமும் மலை நெருங்கி வந்துடும், அம்மா ஜன்னல விட்டுக் கண்ண எடுக்கல, கீழ வயல் பூரா குட்டி போட்ட செம்மறியா நின்னுச்சு. ஸ்டேஷன்ல இறங்கினா ஊருக்குள்ள கொஞ்சம் ஏத்தம், பெட்டிய இழுத்துட்டே பத்து நிமிஷத்துல போயிடலாம். ஸ்டேஷன ஒட்டியே டெஸ்கோ இருக்கு, பாலு, தயிர், பழம் அங்கயே வாங்கிக்கலாம்.

முதல்ல சந்தை. இந்த ஊருங்கள "மார்க்கெட் டவுன்"னு சொல்றாங்கல்ல, அது சும்மா அழகுக்கு வச்ச பேர் இல்ல, அந்தக் காலத்துல சந்தை கூட்டறதே ஒரு உரிமை, அது இருந்த ஊருதான் சுத்துப்பட்டு கிராமத்துக்கெல்லாம் தலை. லட்லோவுல கோட்டை வாசலுக்கு நேர் முன்னால இருக்கற சதுக்கத்துல திங்கள், புதன், வெள்ளி, சனி நாலு நாளும் சந்தை இருக்கு, மாசத்துல ரெண்டாவது, நாலாவது வியாழன் உள்ளூர் விளைபொருளுக்குன்னே தனியா ஒண்ணு. எங்கம்மா ஒட்டன்சத்திரம் பக்கம், காய்கறி மார்க்கெட் சத்தத்துலயே வளந்தவங்க, அவங்கள சூப்பர்மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனா பிளாஸ்டிக்க மேல அழுத்திப் பாத்துட்டு வச்சிடுவாங்க. இங்க வந்ததும் கைய முன்னால நீட்டிட்டாங்க. ஒரு கடையில செக்கச்செவேல்னு கீரைத்தண்டு மாதிரி ஒரு கட்டு, முழங்கை நீளம், நுனில மட்டும் கொஞ்சம் இலை. ருபார்ப். கடைக்காரம்மா எடுத்துக் கையில குடுத்தாங்க, தண்ட மட்டும்தான் திங்கணும், இலை விஷம், சர்க்கரை போட்டு வேக வைக்கணும்னு சொன்னத நான் மொழிபெயர்த்துச் சொல்றதுக்குள்ள அம்மா ஒரு தண்ட ஒடிச்சு மோந்து பாத்துட்டாங்க. "புளிச்சகீரை வாசனைடி"ன்னாங்க. வீட்டுக்குத் திரும்பி வந்து அதுல வரமிளகா, வெல்லம் போட்டுத் தொக்கு பண்ணாங்க, தோசைக்கு அவ்வளவு பொருத்தம். சந்தையில டாம்சன்னு ஒரு சின்ன பிளம் பழத்துல போட்ட ஜாமும் கெடச்சுது, நாவப்பழ நிறத்துல இருக்கும், இனிப்பு கம்மி, துவர்ப்பும் புளிப்பும் தூக்கலா இருக்கும். டாம்சன்ல ஷ்ராப்ஷயர் புரூன்னு ஒரு ரகமே இருக்கு, இந்தப் பக்கத்துப் பழம்தான், அவசியம் ஒரு பாட்டில் வாங்குங்க. ஷ்ராப்ஷயர் புளூன்னு ஒரு மஞ்ச சீஸ், நீல நரம்பு ஓடும், எல்லாக் கடையிலயும் வச்சிருப்பாங்க, பேர நம்பி உள்ளூர் சரக்குன்னு நெனச்சுக்காதீங்க, அது பொறந்தது ஸ்காட்லாண்டுல.

சாப்பாட்டுக்குப் பேர் போன ஊரு இது. 1995ல ஆரம்பிச்ச உணவுத் திருவிழா இன்னும் நடக்குது, வருஷா வருஷம் செப்டம்பர்ல, கோட்டைக்குள்ளயே. ஒரு காலத்துல இந்தத் தக்குனூண்டு ஊர்ல மிச்செலின் ஸ்டார்னு சமையலுக்குக் குடுக்கற உசத்தியான விருது வாங்கின ரெஸ்டாரன்ட் மூணு இருந்துச்சு. சைவக்காரங்களுக்கு எப்படின்னு கேட்டா, பரவால்ல, பேக்கரில சீஸ் ஆனியன் பேஸ்ட்ரி, சூப்பும் பிரெட்டும், நல்ல ஸ்கோன். ஆனா ஒண்ணு நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல சமையல்கட்ட மூடிடறாங்க. காட்டுல நடந்துட்டு நாலு மணிக்கு பசியோட ஒரு பப்புக்குள்ள போனோம், வெளிய போர்டுல நாள் முழுக்க சாப்பாடுன்னு எழுதியிருக்கு, உள்ள போனா கிச்சன் மூணு மணிக்கே மூடியாச்சுன்னாங்க, சிப்ஸ் பாக்கெட்தான். போர்ட மாத்தி வச்சிருந்தா குழந்தைய வச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் நடந்தே வந்திருக்க மாட்டேன். அம்மா காலையில கட்டிக்குடுத்த புளிசாதம் கொஞ்சம் மீதி இருந்துச்சு, ஆத்தங்கரையில உக்காந்து அதத்தான் சாப்ட்டோம்.

தங்கின இடத்தையும் சொல்லிடறேன், பேர் வேண்டாம். பழைய வீடு, பாக்க அழகு, காலை டிபன் நல்லா இருந்துச்சு. ஆனா அம்மாவுக்கு முட்டி வலி, கீழ்த்தள ரூம் வேணும்னு நான் போன்லயே கேட்டு, சரின்னு சொன்னப்புறம்தான் பணம் கட்டினேன். போனா அந்த ரூம் வேற யாருக்கோ குடுத்தாச்சாம், எங்களுக்கு ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, படி ஒவ்வொண்ணும் ஏணிப்படி மாதிரி செங்குத்து, அம்மா கைப்பிடியப் புடிச்சு ஒவ்வொரு படியா நின்னு நின்னு ஏறினாங்க. ரெண்டு நாளும் நான் அவங்க பின்னாலயே ஏறினேன். வயசானவங்களோட போறவங்க ஈமெயில்ல எழுதி வாங்கிக்கோங்க, பழைய ஊர்ல வீடெல்லாம் இப்படித்தான் இருக்கும்.

இப்ப நடைக்கு வர்றேன், எனக்கு இந்த ஊர் புடிச்சதே இதனாலதான். மத்த இடத்துல நடக்கணும்னா கார எடுத்துட்டு ஏதோ ஒரு கார் பார்க்குக்குப் போகணும். இங்க சந்தையில பைய நிரப்பிட்டு அப்படியே கோட்டைச் சுவர ஒட்டி டின்ஹம் தெருவுல இறங்குனா அஞ்சு நிமிஷத்துல ஆறு. டீம் ஆறு. மூணு கண் வச்ச கல்பாலம், 1823ல கட்டினது, பக்கத்துல தடுப்பணை, தண்ணி ஒரே சத்தமா விழுது. எதிர்க்கரை விட்கிளிஃப்னு ஒரு மேட்டு நிலம், ஊருக்குப் பொதுவானது, மேய்ச்சலுக்கும் விறகுக்கும்னு ஜனங்களுக்கு அதுல பழங்காலத்துல இருந்தே உரிமை இருந்திருக்கு. நம்ம ஊர்ல மந்தைவெளின்னு விடுவாங்கல்ல, அதே மாதிரி. பாலத்தத் தாண்டி பத்து நிமிஷம் ஏறுங்க, மூச்சு வாங்கும், நடுவுல பெஞ்சு இருக்கு, உக்காந்து திரும்பிப் பாத்தீங்கன்னா கோட்டை, சர்ச் கோபுரம், கூரை மேல கூரையா மொத்த ஊரும் ஒரே பார்வையில, அதுக்குப் பின்னால கிளீ மலை. அம்மா அந்த பெஞ்சுல முக்கா மணி நேரம் உக்காந்திருந்தாங்க. எந்த டிக்கெட்டும் கிடையாது.

இறங்கறப்ப வந்த வழியே திரும்பாதீங்க, ஆத்தோரமா ஒரு பாதை பாறைக்கு அடியிலயே போகும், அதுக்குப் பேர் பிரெட் வாக். 1850 வாக்குல வேலை இல்லாத ஆளுங்கள வச்சு வெட்டின பாதை, கூலிய காசா குடுத்தா சாராயக்கடைக்குப் போயிடும்னு ரொட்டியாவே குடுத்திருக்காங்க, அதனால அந்தப் பேரு. இத நான் சொன்னதும் அம்மா, "நம்ம ஊர்ல வேலைக்கு உணவுன்னு கோதுமை போட்டாங்கள்ல, அது மாதிரி"ன்னாங்க. அவங்க அப்பா கம்மாயில மண்ணு சுமந்து அந்தக் கோதுமைய வாங்கினவர், அதுக்கப்புறம் அந்தப் பாதையில அம்மா நடந்த நடையே வேற மாதிரி இருந்துச்சு, பாறைய வெட்டின இடத்தையெல்லாம் கைவச்சுத் தொட்டுப் பாத்துக்கிட்டே வந்தாங்க. மே மாசம் அந்தப் பாதை பூரா காட்டுப்பூண்டு பூத்துக் கிடக்கும், வெள்ள வெள்ளையா நட்சத்திரம் மாதிரி பூ, மிதிச்சா பூண்டு வாசனை குப்புனு வரும். பாதை பெரும்பாலும் சமம்தான், சில இடத்துல வேர், மழை பேஞ்சிருந்தா வழுக்கும், ஸ்டிக் ஒண்ணு கையில இருக்கட்டும். ஓரத்துல நெட்டில் செடியும் நெறைய, நம்ம செந்தட்டி மாதிரி பட்டா எரியும், குழந்தைங்களுக்கு முழுக்கால் பேன்ட் போட்டு விடுங்க.

பாதை முடியற இடம் லட்ஃபர்ட். அங்க ரோடு முக்குல ஒரு பாறை முகம் இருக்கு, தெரியாதவங்க திரும்பிக் கூடப் பாக்க மாட்டாங்க, ஆனா உலகத்துல நிலவியல் படிக்கற எல்லாருக்கும் இந்த ஊர் பேர் தெரியும். பூமியோட வயசப் பிரிச்சு பேர் வச்சிருக்காங்கல்ல, அதுல சைலூரியன் காலத்துல ஒரு பகுதிக்கு "லட்லோ"ன்னே பேர், 42 கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்ப இந்த இடம் பூமத்திய ரேகைக்குத் தெக்க ஆழமில்லாத சூடான கடலா இருந்திருக்கு. இந்த முக்குல இருக்கற ஒரு மெல்லிசான அடுக்குல மீன் செதில், முள்ளுத் துண்டுன்னு நெருக்கி அடைச்சுக் கிடக்கு, எலும்புப் படுகைன்னே அதுக்குப் பேரு. 1990ல இதே பாறையில இருந்துதான் நிலத்துல வாழ்ந்த சிலந்தி வகையும் பூரான் வகையும் கெடச்சதா வெளிய வந்துச்சு, அதுவரைக்கும் கெடச்சதிலயே ரொம்பப் பழசான நில விலங்குகள்ல சேந்தது அது. சுத்தியல் வச்சுத் தட்டக் கூடாது, பாதுகாக்கப்பட்ட இடம், கண்ணால பாத்துக்கலாம். என் பொண்ணு மூக்க பாறையில ஒட்டாத குறையாப் பாத்துட்டு இருந்தா, கார் வர்ற ரோடுதான் அது, குழந்தைங்க கைய விட்றாதீங்க.

அங்க இருந்து பழைய லட்ஃபர்ட் பாலத்தத் தாண்டி லோயர் பிராட் தெருவுல ஏறுனா பிராட் கேட். ஊர்ச் சுவருல ஏழு வாசல் இருந்திருக்கு, இன்னிக்கு முழுசா நிக்கறது இது ஒண்ணுதான், வாசலுக்கு மேலயே வீடு கட்டி இன்னும் ஆளுங்க குடியிருக்காங்க. அதுக்கு மேல பிராட் தெரு, சரிவா ஏறும், ரெண்டு பக்கமும் செங்கல் வீடு, மரச்சட்டம் வச்ச வீடு, உச்சியில பட்டர்கிராஸ்னு தூண் வச்ச மண்டபம், 1740கள்ல கட்டினது, வெண்ணெ விக்கறவங்க மழைக்கு ஒதுங்கி வியாபாரம் பண்ண இடம். மொத்தச் சுத்தும் நிதானமா நடந்தா ஒண்ணரை மணி நேரம். முட்டி வலியோட எங்கம்மா நாலு இடத்துல உக்காந்து முழுசா முடிச்சாங்க.

கோட்டை சனிக்கிழமை சாயங்காலம் பாத்தோம், உள்ள போக டிக்கெட் உண்டு. 11ஆம் நூற்றாண்டு கடைசியில நார்மன்காரங்க கட்ட ஆரம்பிச்சது, கூரை போச்சு, சுவர் எல்லாம் நிக்குது. வட்டமா ஒரு சின்ன ஜெபக்கூடம் இருக்கு, அதுக்குள்ள நின்னு மேல பாத்தா வட்டமா வானம். எட்டாம் ஹென்றியோட அண்ணன் ஆர்தர், 15 வயசுப் பையன், கல்யாணம் ஆகி சில மாசம்தான், இந்தக் கோட்டையிலதான் 1502 ஏப்ரல்ல செத்தான். அவன் பொண்டாட்டி கேத்தரின தம்பி கட்டிக்கிட்டான், பின்னால அந்தக் கல்யாணத்த ரத்து பண்ணணும்னு போப்போட சண்டை, இங்கிலாந்து சர்ச்சே ரோம விட்டுப் பிரிஞ்சுது. இந்த மாடியறையில ஒரு பையனுக்கு வந்த காய்ச்சல்ல இருந்து எவ்வளவு பெரிய விஷயம் கிளம்பியிருக்குன்னு நெனச்சா எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. பொண்ணு கேட்ட ஒரே கேள்வி, "அந்தக் கேத்தரின் அக்காவ அவங்க அம்மா வந்து கூட்டிட்டுப் போகலியா"ன்னு. எனக்குப் பதில் சொல்ல வரல.

ஞாயித்துக்கிழமை நானும் பொண்ணும் மார்ட்டிமர் காட்டுக்குப் போனோம். விட்கிளிஃப்ல இருந்தே மார்ட்டிமர் டிரெயில் பாதை காட்டுக்குள்ள போயிடுது, அது மொத்தம் 30 மைல், கிங்டன் வரைக்கும் போகும், நாங்க ஹை வின்னல்ஸ் உச்சி வரைக்கும்தான், 375 மீட்டர், போக வர கிட்டத்தட்ட நாள் முழுக்க ஆச்சு. போகறதுக்கு முன்னால ஆரஞ்சு அட்டை போட்ட ஆர்ட்னன்ஸ் சர்வே மேப், 203ஆம் நம்பர், வாங்கிட்டுப் போங்க, காட்டுக்குள்ள போன் சிக்னல நம்ப முடியாது. மேப்புல விட்டு விட்டு வர்ற பச்சைக் கோடா இருக்கறது எல்லாம் பொதுவழி, யார் வயல்ல போனாலும் நடக்க நமக்கு உரிமை இருக்கு, வந்த புதுசுல எனக்கு இது தெரியாம அடுத்தவங்க நெலத்துல கால் வைக்கவே பயந்துட்டு இருந்தேன். மரக்கம்பத்துல மஞ்ச அம்பு நடக்கறவங்களுக்கு, நீல அம்புன்னா குதிரையும் சைக்கிளும் வரும். வேலியில ஆடு மாடு நுழையாத மாதிரி அரை வட்டத்துக்குள்ள ஆடற கதவு ஒண்ணு இருக்கும், ஒரு நேரத்துல ஒருத்தர்தான் போகலாம், பொண்ணு அதுல நாலு தடவ போயிட்டுப் போயிட்டு வந்தா. கன்னுக்குட்டியோட மாடு நின்னா மட்டும் நல்லா தள்ளிச் சுத்திப் போங்க, நம்ம ஊர் மாடு மாதிரி சாதுன்னு நெனைக்காதீங்க.

காட்டுக்குள்ள மான் இருக்கு, அதுல நீள முடி வச்ச ஃபேலோ மான் இந்தக் காட்டோட தனிச் சிறப்பு, காதுல இருந்தே முடி தொங்கும். எங்களுக்குக் கெடச்சது சாதாரண மான்தான்னு நெனைக்கறேன், பெரணி புதருக்கு அந்தப் பக்கம் மூணு, காத சிலுப்பிட்டு எங்களையே பாத்துட்டு நின்னுச்சு, பொண்ணு மூச்சே விடல, ஒரு நிமிஷம் இருக்கும், அப்புறம் சத்தமே இல்லாம திரும்பிப் போயிடுச்சு. உச்சியில காத்து தள்ளுது, கிழக்க கிளீ மலை ரெண்டும், மேக்க வேல்ஸ் மலை வரிசை வரிசையா நீலமா. வழியில மரத்தடியெல்லாம் புளூபெல் பூ, தரையே ஊதாவா தெரிஞ்சுது.

நாங்க காட்டுல இருந்த நேரம் அம்மாவும் மாப்பிள்ளையும் செயின்ட் லாரன்ஸ் சர்ச்சுக்குப் போனாங்க, காலை ஆராதனை முடிஞ்சப்புறம். கோபுரம் 135 அடி, 200 படி, அம்மா ஏறல. அவங்களுக்குப் புடிச்சது உள்ள பாடகர் குழு உக்கார்ற இடத்துல இருக்கற மரச் சிற்பம். மணிக்கணக்குல நிக்கற சாமியாருங்க லேசா சாஞ்சுக்க மடக்கு சீட்டுக்கு அடியில ஒரு சின்னப் பலகை, அந்தப் பலகைக்கு அடியில செதுக்கல், மொத்தம் 28. ஒண்ணுல அளவு கொறச்சு பீர் ஊத்தின கள்ளுக்கடைக்காரியப் பேய் தோள்ல தூக்கிட்டு நரகத்துக்குப் போகுது. சந்தை வச்சுப் பொழச்ச ஊர்ல அளவுல கைவைக்கறத எவ்வளவு பெரிய பாவமா நெனச்சிருக்காங்கன்னு மாப்பிள்ளை விளக்கிச் சொல்ல, அம்மா ராத்திரி வரைக்கும் அதையேதான் பேசிட்டு இருந்தாங்க, ஒட்டன்சத்திரத்துல எந்தத் தரகருக்கு அந்தச் செதுக்கலக் காட்டணும்னு ஒரு பேர் பட்டியலே சொன்னாங்க.

திங்கக்கிழமை பெட்டியோடவே ஷ்ரூஸ்பரி பக்கம் போற ரயில்ல ஒரே ஸ்டாப், கிரேவன் ஆர்ம்ஸ், அங்க இருந்து ஒரு மைல் போல நடந்தா ஸ்டோக்சே. கோட்டைன்னு பேர், ஆனா இது லாரன்ஸ்னு லட்லோக்காரர் ஒருத்தர் கம்பளி வியாபாரத்துல சம்பாதிச்சு 1280கள், 90கள்ல கட்டின வீடு. 1294ல கம்பளி ஏத்திட்டுப் போன கப்பல் மூழ்கி அவரும் போயிட்டாரு. பெரிய கூடம், அன்னிக்கு வச்ச மர உத்தரம் இன்னும் தாங்கிட்டு நிக்குது, நடுத்தரையில அடுப்பு இருந்த இடம் தெரியும். பெட்டி இழுத்துட்டு நடந்ததுதான் தப்பு, சின்னப் பையோட போங்க. இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் கார்டு இருந்தா காசு இல்ல.

எப்ப போகலாம்னு கேட்டா, பூண்டுப் பூவும் புளூபெல்லும் வேணும்னா ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம். திருவிழா சமயம் ரூம் கெடைக்கறது கஷ்டம், ரொம்ப முன்னாலயே போடணும். டிசம்பர், ஜனவரில நாலு மணிக்கே இருட்டிடும், நடைக்கு ஆகாது. கார்ல போயிட்டு கோட்டையப் பாத்து, ஒரு டீயக் குடிச்சுட்டு மூணு மணி நேரத்துல திரும்பறதா இருந்தா போகவே வேண்டாம்னுதான் சொல்லுவேன், ஆத்தையும் மேட்டையும் விட்டுட்டா அங்க பார்க்க வேண்டியதுல பாதி போச்சு. ஊருக்கு அஞ்சுக்கு அஞ்சு, தங்கின இடத்துக்கு அஞ்சுக்கு ரெண்டு.

இலையுதிர் காலத்துல சால்மன் மீன் எதிர்நீச்சல் போட்டு டின்ஹம் தடுப்பணையத் தாவுமாம், பாலத்துல நின்னே பாக்கலாம்னு சந்தையில ருபார்ப் வித்த அம்மா சொன்னாங்க. அக்டோபர் கடைசிக்கு டிக்கெட் போட்டாச்சு. அம்மா அதுக்குள்ள ஊருக்குக் கிளம்பிடுவாங்க, மீன் தாவறத மட்டும் வீடியோ எடுத்து அனுப்புடின்னு இப்பவே சொல்லி வச்சிருக்காங்க, டாம்சன் ஜாம் ரெண்டு பாட்டில் பெட்டியில துணிக்கு நடுவுல சுத்தி வச்சாச்சு.